நிரல் நமது, முகவரி அவர்களது

1999 நவம்பரில் விஏ லினக்ஸ் சிஸ்டம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தைத் தொடங்கியபோது, கட்டற்ற மென்பொருள் எழுதுவோருக்கு அது பெரும் வரமாகத் தெரிந்தது. நிரலை வைக்க இடம், வழுக்களைப் பதிவுசெய்யப் பட்டியல், பதிவிறக்கப் பக்கம் எல்லாம் காசில்லாமல் கிடைத்தன. அந்தத் தளத்தை இயக்கிய நிரலும் அப்போது கட்டற்றதுதான். அடுத்த மாதமே பங்குச்சந்தைக்கு வந்த நிறுவனத்தின் 30 டாலர் பங்கு, முதல் நாள் முடிவில் 239 டாலரைத் தொட்டது. இணையக் குமிழி உடைந்ததும் வருமானத்துக்கு வழி தேட வேண்டியதாயிற்று. 2001இல் தளத்தின் நிரல் மூடப்பட்டு விற்பனைச் சரக்கானது.

பின்னாளில் கைமாறிய அந்தத் தளம், 2013இல் விண்டோஸ் நிறுவிகளோடு விளம்பர மென்பொருளைச் சேர்த்துத் தரத் தொடங்கியது. பட மென்பொருளான கிம்ப்பின் குழு அதே ஆண்டு வெளியேறியது. ஆனால் பழைய பக்கம் அங்கேயே இருந்தது. 2015இல் அது கைவிடப்பட்டது என்று சொல்லி, தளத்தாரே அதை எடுத்துக்கொண்டு, விளம்பரம் ஒட்டிய நிறுவியை வைத்தார்கள். கிம்ப்பின் உரிமத்துக்கு எந்தச் சேதமும் இல்லை. சேதமானது, மக்கள் நம்பி வந்த முகவரி. உரிமம் நிரலைக் காக்கும், முகவரியைக் காக்காது.

அது பழைய கதை, இப்போதுதான் நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் மென்பொருள் இருக்கிறதே என்பார்கள். ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் இருப்பதால், நாளைக்கே வேறிடம் போகலாம் என்பது வாதம். நிரல் போகும், ஆனால் வழு விவாதங்களும் இணைப்புக் கோரிக்கைகளும் பயனர் கணக்குகளும் கிட்டுக்குள் இல்லை. 2018இல் 750 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்ட் வாங்கிய, கிட் களஞ்சியங்களை வைக்கும் தளமான கிட்ஹப், மறு ஆண்டே அமெரிக்கத் தடைச்சட்டத்தின்படி ஈரான், சிரியா, கிரைமியாவைச் சேர்ந்தவர்களின் தனிக் களஞ்சியங்களை முடக்கியது. அதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டிய அவசியமில்லை. லாபக் கணக்குக்கும் தன் நாட்டுச் சட்டத்துக்கும் கட்டுப்பட்டது நிறுவனம். அந்த இரண்டிலும் உருவாக்குநருக்கு வாக்கு கிடையாது.

ஆட்கள் கூடும் இடத்தை விட்டுப் போனால் புதிய பங்களிப்பாளர் எப்படி வருவார் என்ற கேள்வி நியாயமானது. சொந்த வழங்கியைப் பராமரிப்பதும் தன்னார்வலருக்குச் சுமை. ஆனால் நிறுவனத் தளத்தையே நம்பியிருப்பதற்கும் அதை முற்றிலும் விட்டுப் போவதற்கும் நடுவே வழி உண்டு. டெபியன், க்னோம் ஆகிய பெரிய கட்டற்ற திட்டங்கள், இத்தகைய தளத்தை இயக்கும் கிட்லேப் மென்பொருளைத் தாங்களே நிறுவி நடத்துகின்றன. அந்த வசதி இல்லாத சிறு திட்டங்களுக்கு, பெர்லினில் உறுப்பினர் சங்கம் நடத்தும் கோடுபெர்க் தளம் இருக்கிறது. விவாதமும் வெளியீடும் இப்படிப்பட்ட இடங்களில் நடக்கட்டும். நிறுவனத் தளத்தில் ஒரு நகல் மட்டும், ஆள் சேர்க்கும் விளம்பரப் பலகையாக இருக்கட்டும். அந்தத் தளம் நாளை விலை போனாலும், திட்டத்துக்கு நஷ்டம் ஒரு பலகையோடு முடிந்துவிடும்.