ஒருங்கமை சமன்பாடு

‘சமன்’ வடமொழி ‘சம’ வழி வந்தது. ஆனால் மயிலாப்பூரில் கோயில் கொண்ட வள்ளுவரே 118ஆம் குறளில் துலாக்கோலைச் சொல்லும்போது அச்சொல்லை ஆண்டிருக்கிறார். ‘பாடு’ என்பது ‘படு’ நீண்டு வந்த தொழிற்பெயர். உடன்பாடு, கட்டுப்பாடு போல. ஆக, சமன்படுதலே சமன்பாடு.

மயிலாப்பூர் மாட வீதியில் இரண்டு தேங்காயும் ஒரு முழம் பூவும் 95 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தேங்காயும் ஒரு முழம் பூவும் 60 ரூபாய். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் பூ நீங்கி, தேங்காய் 35 என்று தெரியும். பிறகு பூ 25. பள்ளியில் இது நீக்கல் முறை.

‘ஒருங்கு’ என்றால் ஒருசேர. 95 ரூபாய்க் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு தேங்காய் விலையைச் சொல்லிவிட முடியாது; இரண்டு கணக்கும் ஒருசேர வேண்டும். அந்த உண்மையைப் பெயரிலேயே பொதிந்து வைத்த கலைச்சொல் இது. எனக்கு மிகப் பிடித்தது.