சக்கரீன்: பெயர் வந்த வழி

நீரிழிவுடையோர் சிலர் தேநீரில் இடும் சிறு குளிகையின் பெயர் சக்கரீன். செயற்கை இனிப்பூட்டிகள் இன்று பலவாயினும் அவற்றுள் மூத்தது இதுவே. இப்பெயரைக் கேட்டதும் நம் சர்க்கரை நினைவுக்கு வருகின்றதன்றோ? அவ்வொற்றுமை தற்செயலானதன்று.

வடமொழியிலே ‘சர்க்கரா’ என்னுஞ் சொல் பரற்கல்லைக் குறிப்பது. கருப்பஞ்சாற்றைக் காய்ச்சிப் பெற்ற பொருள் பரல்போல மணிமணியாக இருந்தமையால் அதற்கும் அப்பெயர் ஆயிற்று. கௌடிலியரின் அர்த்தசாத்திரமும் கரும்பின் பயன்களுள் இதனை எண்ணுகின்றது. அச்சொல்லே பாளியிற் ‘சக்கரா’ எனவும், சிங்களத்தில் ‘ஹக்குரு’ எனவும், தமிழிற் ‘சர்க்கரை’ எனவும் வழங்குகின்றது. நாம் கற்கண்டு என்னும்போதும் கல்லே முன்னிற்கின்றது.

மேற்றிசை சென்ற அச்சொல் கிரேக்கத்திற் ‘சாக்கரோன்’ ஆகி, இலத்தீனிற் ‘சாக்கரும்’ ஆயிற்று. கி.பி. முதலாம் நூற்றாண்டிலே தியொஸ்கொரிதீஸ் என்னும் கிரேக்க மருத்துவர், இந்தியாவிலும் அரேபியாவிலும் நாணலிலே கிடைப்பதும், உப்பைப்போலப் பல்லிடையே நொறுங்குவதுமான ஒருவகைத் தேன் என்று அதனை வருணித்தார்.

இனிக் குளிகைக்கு வருவோம். அமெரிக்காவின் பல்ரிமோர் நகரிலே, ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், ஐரா றெம்சன் என்பாரின் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்தவர் கொன்ஸ்டன்ரின் பால்பேர்க். நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற பொருள்களை ஆராய்ந்த அவர், ஒருநாள் உணவருந்துகையிற் கையிலே பட்ட அப்பம் வழக்கத்துக்கு மாறாக இனிக்கக் கண்டார். உடனே ஆய்வுகூடம் திரும்பிப் பாத்திரங்களைச் சுவைத்து, அவ்வினிப்பின் மூலத்தைக் கண்டறிந்தார். 1879இல் இருவரும் தம் ஆய்வைக் கூட்டாகவே வெளியிட்டனர். பின்னர்ப் பால்பேர்க் மட்டும் உற்பத்தி உரிமை பெற்று, ஜேர்மனியிலே ஆலை நிறுவினார். றெம்சனின் மனக்கசப்பு இறுதிவரை ஆறவில்லை. புதுப்பொருளுக்கோ இலத்தீன் சொல்லின் வழியே சக்கரீன் என்ற பெயர் நிலைத்தது.

ஆனால் சக்கரீனிற் சர்க்கரை அணுவளவும் இல்லை. சீனியினும் ஏறக்குறைய முந்நூறு மடங்கு இனிக்கும் அது, உடலுக்குச் சக்தி தருவதன்று. எலிகளிற் கண்ட புற்றுநோய் காரணமாக 1977இல் அமெரிக்காவிலே அதனைத் தடைசெய்ய முயன்றனர். அவ்விளைவு மனிதருக்குப் பொருந்தாதெனத் தெளிந்தபின், 2000ஆம் ஆண்டில் எச்சரிக்கைக் குறிப்பும் நீக்கப்பட்டது.

இளைஞர்காள்! சொல் நம் திசையிலிருந்து சென்றதென மகிழ்வோம், அது தகும். ஆயின் பெயர் நம்முடையதாதலாற் பொருளையும் முன்னோரே கண்டனர் என்று மேடையேறி முழங்குதல் தகாது. பரலின் பெயரைச் சர்க்கரை பெற்றது. சர்க்கரையின் பெயரைத் தாரிற் பிறந்த பொருள் பெற்றது. பெயரைக் கொண்டு பொருளை மதிப்பிடாது, இரண்டையும் தனித்தனியே ஆராய்ந்து உண்மை காண்பதே கற்றவர் கடனாகும்.