வீட்டு வீடியோ கேம் கருவிகளின் மின் இயக்கமும் நிறுத்தமும் (ராணிப்பேட்டை வட்டாரம்)

வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் கன்சோல்களை எந்த வரிசையில் மின்சாரத்தோடு சேர்ப்பது, எந்த வரிசையில் விலக்குவது என்பது பற்றிய நடைமுறை அறிவு இது. குழல்விளக்கையும் மின்விசிறியையும் சுவர் ஸ்விட்சில் தட்டி அணைத்துப் பழகிய கை, கன்சோலையும் அப்படியே அணைத்துவிடுகிறது. இன்றைய கன்சோல் ஒரு கணினி. தன் வேலையை முடித்துக்கொள்ள அதற்குச் சில நொடி வேண்டும். அந்தச் சில நொடியைக் கொடுக்காததால் அழியும் சேமிப்புகளும் பழுதாகும் வட்டுகளும் பல.

2019 நவம்பர் 28 அன்று வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான ராணிப்பேட்டையும், அதையடுத்த மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களும் சேர்ந்த பாலாற்றங்கரைத் தோல் தொழில் வட்டாரத்துக்கு இந்த அறிவு கூடுதலாகவே தேவை. இங்கே கோடை வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்த வெயிலைத் தொடர்ந்து இடியோடு மழை வரும். பதனிடும் தொழிலின் காற்று உலோகத்தைத் தின்னும். வளைகுடாவிலிருந்து வருவோர் கொண்டுவரும் கருவிகளும் இவ்வூர்களின் வீடுகளில் உண்டு.

டிவி கேம் காலம்

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று வெளியிட்ட ஃபேமிகாம் கருவியின் நகல்கள்தாம் 1990களில் தமிழ்நாட்டு வீடுகளுக்கு ‘டிவி கேம்’ என்ற பெயரில் வந்தன. மஞ்சள் நிறக் கேசட், இரண்டு கைப்பிடி, ஒரு அடாப்டர், தள்ளும் ஸ்விட்ச் ஒன்று, ரீசெட் பொத்தான் ஒன்று. பெரும்பாலான ஆட்டங்களில் சேமிக்க எதுவும் இல்லை. அணைத்தால் ஆட்டம் போகும், கருவிக்கு ஒன்றும் ஆகாது. நினைத்த நேரத்தில் ஸ்விட்சைத் தட்டும் வழக்கம் இங்கிருந்துதான் வேர்விட்டது. 2006 செப்டம்பர் 15 முதல் மாநில அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிகள் வீட்டுக்கு வீடு வந்த பின் அந்த வழக்கம் இன்னும் பல வீடுகளுக்குப் போனது.

இந்தக் கருவிகளுக்கும் விதிகள் இல்லாமல் இல்லை. மின்சாரம் ஓடும்போது கேசட்டைச் செருகவோ பிடுங்கவோ கூடாது. கேசட்டின் பல முனைகளும் ஒரே கணத்தில் தொடுவதில்லை என்பதால், தவறான முனை வழியே மின்சாரம் பாய்ந்து சில்லு பழுதாகலாம். ஆட்டம் வராதபோது கேசட்டின் வாயில் ஊதுவது எல்லாச் சிறுவர்களும் செய்தது. அதனால் பலன் கிடைத்ததாகத் தோன்றியதற்குக் காரணம், எடுத்து மறுபடி செருகியதுதான். ஊதும் ஈரம் செம்பு முனைகளில் களிம்பேற்றும்.

அடாப்டர் மாற்றம் இதைவிடப் பெரிய ஆபத்து. ஃபேமிகாம் கருவிக்கு வேண்டியது 10 வோல்ட் நேர் மின்சாரம், அதுவும் முள்ளின் நடுவில் எதிர்முனை உள்ளது. அதே நிறுவனம் அமெரிக்காவில் 1985இல் விற்கத் தொடங்கிய என்.இ.எஸ். கருவியின் அடாப்டரோ 9 வோல்ட் மாறு மின்சாரம் தருவது. இரண்டும் ஒன்றுபோல் செருகிக்கொள்ளும். ஆனால் மாற்றிச் செருகினால் ஃபேமிகாம் எரிந்துவிடும். ‘முள் பொருந்துகிறது’ என்பதைச் சான்றாகக் கொண்டு எந்த அடாப்டரையும் செருகக் கூடாது. வோல்ட், நேரா மாறா, நடுமுனை எது என்ற மூன்றும் அதன் முதுகில் அச்சிட்டிருக்கும்.

முறையாக அணைத்தல் என்ற கருத்தே அந்தக் காலத்தில்தான் பிறந்தது. 1987இல் அமெரிக்காவில் வந்த ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா’ என்ற ஆட்டத்தின் பொன்னிறக் கேசட்டுக்குள் சிறு பேட்டரி இருந்தது. விளையாடிய இடத்தை நினைவகத்தில் காத்துவைப்பது அதன் வேலை. ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியேதான் கருவியை அணைக்க வேண்டும் என்று நிறுவனம் எச்சரித்தது. காரணம் எளிது. மின்னழுத்தம் ஒரேயடியாகச் சுழியத்துக்குப் போவதில்லை, சரிந்து சரிந்து இறங்குகிறது. அந்தச் சரிவில் செயலி தடுமாறி, நினைவகத்தில் கண்டதையும் எழுதிவிடும். ரீசெட்டை அழுத்தினால் செயலி கட்டிப்போட்டதுபோல் நின்றுவிடும், எழுதாது. இன்றைய கன்சோல்களின் ‘டர்ன் ஆஃப்’ கட்டளைக்கும் அடிப்படை இதுவே: எழுதும் கையை முதலில் நிறுத்து, பிறகு மின்சாரத்தை நிறுத்து.

கணினியாக மாறிய கன்சோல்

சோனி நிறுவனம் 2000 மார்ச் 4 அன்று ஜப்பானில் வெளியிட்ட பிளேஸ்டேஷன் 2இன் முதல் வடிவத்தில் முன்பக்கம் ஒரு பொத்தான், பின்பக்கம் ஒரு முதன்மை ஸ்விட்ச் என இரண்டு இருந்தன. முன்பொத்தானை அழுத்திப் பிடித்தால் விளக்கு சிவப்பாகும். அதன் பிறகே பின் ஸ்விட்ச். இரண்டு படிகள் வேண்டும் என்று கருவியின் உடலே சொல்லிக்கொடுத்தது. பின்னால் வந்த கருவிகளில் பின் ஸ்விட்ச் மறைந்துவிட்டதால் அந்தப் பாடமும் மறைந்தது. இது ஓர் இழப்பு என்றே சொல்ல வேண்டும்.

இந்தியாவில் பிளேஸ்டேஷன் 4 வந்தது 2014 ஜனவரி 6இல்; பிளேஸ்டேஷன் 5 வந்தது 2021 பிப்ரவரி 2இல். முன்னதில் சுழலும் வன்வட்டு, பின்னதில் அசையும் பாகம் இல்லாத சில்லு வட்டு. எதுவானாலும், ஆட்டம் சேமிக்கப்படும்போதோ புதுப்பிப்பு இறங்கும்போதோ மின்சாரம் நின்றால் பாதி எழுதிய கோப்பு அப்படியே கிடக்கும். சுழலும் வட்டின் எழுதுமுனை, வட்டு சுழன்று ஓயும் ஆற்றலைக் கொண்டே தன்னிடத்துக்குத் திரும்பிவிடும். ஆகவே வட்டுக்கு அடி படுவது அரிது. கோப்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மறுமுறை போட்டதும் ‘சரியாக அணைக்கப்படவில்லை’ என்ற செய்தியோடு கருவி தன் சேமிப்பைத் தானே சரிபார்க்கத் தொடங்கும். அந்தச் சரிபார்ப்பு முடியும் முன் பொறுமையிழந்து மீண்டும் ஸ்விட்சைத் தட்டுவதுதான் இருப்பதிலேயே மோசமான செயல்.

அணைக்கும் முறை இது: ஆட்டத்தைச் சேமித்து வெளியே வர வேண்டும். பட்டியலில் ‘டர்ன் ஆஃப்’ என்பதைத் தேர்ந்து, கருவியின் விளக்கு முற்றிலும் அணையும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு சுவர் ஸ்விட்சை அணைக்கலாம். விளக்கு மின்னினாலும், ஆரஞ்சு நிறத்தில் எரிந்தாலும் கருவி இன்னும் விழித்திருக்கிறது என்று பொருள். ஆரஞ்சு விளக்கு ஓய்வு நிலையைக் குறிப்பது. அது அணைந்த நிலை அன்று. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸில் முன்பொத்தானைப் 10 நொடி அழுத்திப் பிடித்தாலும் அணையும். கருவி உறைந்து நின்றுவிட்டால் மட்டுமே அது சரியான வழி. நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்குள் பேட்டரி இருப்பதால் கரண்ட் போனாலும் ஆட்டம் அழிவதில்லை.

நம் ஊர்ச் சுவரில் ஒவ்வொரு பிளக் பாயிண்டுக்கும் தனி ஸ்விட்ச் உண்டு. பல நாடுகளில் இது கிடையாது. இரவில் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டுப் படுக்கும் பாட்டி செய்வது தவறே அல்ல. வரிசை மட்டும் சரியாக இருக்க வேண்டும். ஓய்வு நிலையில் 10 வாட் இழுக்கும் கருவி இரண்டு மாதத்தில் 14.4 யூனிட் தின்றுவிடும். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற கணக்கில் வாழும் குடும்பத்துக்கு அது சிறு தொகை அன்று.

கரண்ட் போவதும் வருவதும்

2012இல் தமிழ்நாட்டின் மாவட்டங்கள் நாள்தோறும் பல மணி நேர மின்வெட்டில் தவித்தன. அந்த ஆண்டுகளில்தான் நடுத்தர வீடுகளில் இன்வெர்ட்டர் பரவியது. இன்று அந்த நிலை இல்லை. ஆயினும் துணை மின்நிலையங்களில் பராமரிப்புக்காகப் பகல் நேர மின்தடை உண்டு. எந்தெந்தப் பகுதி என்று முந்தைய நாள் செய்தித்தாளில் வந்துவிடும். அந்த நாளுக்கு முந்தைய இரவு கன்சோலை ஓய்வு நிலையில் விடாமல் முழுதாக அணைத்துவிட வேண்டும்.

விளையாடும்போதே கரண்ட் போனால் முதல் வேலை, சுவர் ஸ்விட்சை அணைப்பது. மின்சாரம் திரும்பும் கணம் போகும் கணத்தைவிட ஆபத்தானது. தெருவிலுள்ள எல்லா ஃபிரிட்ஜும் மோட்டாரும் ஒரே நேரத்தில் இழுப்பதால் அழுத்தம் ஏறி இறங்கும். விளக்கு நிலையாக எரிவதைப் பார்த்து, ஐந்து நிமிடம் விட்டுப் போடுவது நல்லது.

வீட்டு மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். 6 விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது விதி, அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வரை. பிளேஸ்டேஷன் 4, 5 போன்றவை 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும்படி செய்யப்பட்டவை என்பதால் லோ வோல்டேஜ் அவற்றை எளிதில் கெடுக்காது. கெடுப்பது ‘நியூட்ரல் கட்’. மின்மாற்றியிலிருந்து மூன்று ஃபேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரல் கம்பியும் தெருவுக்கு வருகின்றன. அந்த நியூட்ரல் அறுந்தால், வெவ்வேறு ஃபேஸில் உள்ள வீடுகள் ஒன்றோடொன்று தொடர்ந்துகொண்டு, பயன்பாடு குறைவான வீட்டில் அழுத்தம் 400 வோல்ட்டை நெருங்கும். விளக்கு திடீரென்று கண் கூசும்படி எரிவது இதன் அறிகுறி. அப்போது கருவியைப் பட்டியல் வழியே முறையாக அணைக்கும் நேரமில்லை. மெயின் ஸ்விட்சை இறக்க வேண்டும். சேமித்த ஆட்டம் போனால் போகட்டும்.

கடையில் விற்கும் ஸ்பைக் பஸ்டர் இதைத் தடுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். தடுக்காது. நொடியின் சிறு துளி நேரமே நீடிக்கும் பாய்ச்சலை விழுங்குவதற்கு அமைந்தது அது. நிமிடக்கணக்கில் நிற்கும் 400 வோல்ட்டில் அதுவே கருகிவிடும். உயர் அழுத்தத்தில் தானாகத் துண்டிக்கும் வசதியுள்ள ஸ்டெபிலைசரே பொருத்தமானது. இன்வெர்ட்டர் வாங்கும்போது தூய சைன் அலை தருவதாகப் பார்ப்பது நல்லது. சதுர அலை தரும் பழைய வகையில் சில கன்சோல்களின் மின்வழங்கிகள் சரியாக இயங்குவதில்லை. இன்வெர்ட்டரை யு.பி.எஸ். நிலைக்கு மாற்றிவைத்தால் கரண்ட் போகும் கணத்தில் கருவி நின்றுவிடும் வாய்ப்பு குறையும்.

இடி மின்னலின்போது ஸ்விட்சை அணைப்பது போதாது. பிளக்கையே கழற்ற வேண்டும். தொலைக்காட்சிக்கு வரும் கேபிள் கம்பியையும் இணைய லேன் கம்பியையும் விலக்க வேண்டும். மின்னல் பாய்ச்சல் அந்த வழியாகவும் வரும். இவற்றை மேகம் திரளும்போதே செய்துவிட வேண்டும், இடி தலைக்கு மேல் முழங்கும்போது கம்பியைத் தொடக் கூடாது. இம்மாவட்டத்தில் சித்திரை, வைகாசிக் கோடை மழைக்கும் ஐப்பசி அடைமழைக்கும் ஒருசேர இது பொருந்தும்.

வெயிலும் தோல் தொழில் காற்றும்

பிளேஸ்டேஷன் கையேடு சொல்லும் இயங்கு வெப்பநிலை 5 முதல் 35 டிகிரி வரை. அக்னி நட்சத்திர நாட்களில் வேலூர், ராணிப்பேட்டை வீட்டின் மாடி அறை பிற்பகலில் அதைத் தாண்டியே இருக்கும். ஆகவே மே மாதப் பிற்பகலில் தகரக் கூரையின் கீழோ மூடிய அலமாரிக்குள்ளோ கன்சோலை இயக்குவது தயாரித்தவர்கள் எண்ணிப் பார்த்த எல்லைக்கு வெளியே போவதாகும். வெப்பம் என்ன செய்யும் என்பதற்கு எக்ஸ்பாக்ஸ் 360 சான்று. அதன் பலகையில் ஏறி இறங்கிய வெப்பம் சில்லுகளின் இணைப்பைக் கெடுத்து, முகப்பில் மூன்று சிவப்பு விளக்குகள் எரிந்தன. 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் உத்தரவாதத்தை மூன்றாண்டாக நீட்டி, நூறு கோடி டாலருக்கு மேல் அதற்கென ஒதுக்க நேர்ந்தது.

தூசு படியாமல் கருவிமேல் துணி போர்த்துவது நல்ல வழக்கம், ஆனால் அணைத்து அரைமணி நேரம் ஆறிய பின்தான்.

பச்சைத் தோலின் மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்ப்பார்கள். அந்தக் கழிவு அமிலத்தோடு சேரும்போது, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு எழும். வெள்ளிக் கொலுசைக் கறுக்கச் செய்யும் இதே வாயு, மின்கருவிகளுக்குள் இருக்கும் செம்பையும் வெள்ளியையும் அரிக்கும். தொழிற்கூடத்தின் அருகே வசிப்போர் கன்சோலை அந்தப் பக்கத்துச் சன்னலோரம் வைக்காமல் இருப்பது நல்லது. பல மாதம் பயன்படாமல் கிடந்த கருவியைப் போடும் முன் பிளக்கின் முனைகளைப் பார்த்துத் துடைக்க வேண்டும்.

‘சுர்’ரென்ற அதிர்வும் வெளிநாட்டுப் பிளக்கும்

எச்.டி.எம்.ஐ. கம்பியின் உலோக முனையைத் தொட்டதும் ‘சுர்’ரென்று விரலில் உணர்வதாகப் பலர் சொல்வார்கள். பிளேஸ்டேஷன் 5 போன்றவற்றின் மின்கம்பிக்கு எர்த் முனை இல்லை. உள்ளிருக்கும் சிறு மின்தேக்கி வழியே மிகக் குறைந்த மின்னோட்டம் உலோகப் பகுதிக்கு வந்து தேங்கும். அந்த அளவு உயிருக்கு ஆபத்தானதன்று. ஆனால் கம்பியைச் செருகும் கணத்தில் அது தொலைக்காட்சியின் இணைப்புச் சில்லைக் கெடுக்கக்கூடும். எனவே இரண்டின் சுவர் ஸ்விட்சையும் அணைத்த பின்பே எச்.டி.எம்.ஐ. கம்பியைச் செருகவும் எடுக்கவும் வேண்டும். அதிர்வு வலுவாக இருந்தால் கோளாறு வேறெங்கோ உள்ளது. எலக்ட்ரீசியன் வந்து எர்த்தைப் பார்க்கும்வரை கருவியைப் போடக் கூடாது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.டி. கருவியை மெயின் போர்டில் பொருத்துவது கன்சோலுக்காக மட்டுமல்ல, வீட்டிலுள்ள குழந்தைக்காகவும்.

துபாயிலிருந்து வரும் கருவிகளின் பிளக்கில் மூன்று தட்டையான முனைகள் இருக்கும். நம் உருண்டைத் துளைக்குள் அது போகாது. முனையை வெட்டிவிட்டு வெறுங்கம்பியைத் தீக்குச்சியால் அடைத்துச் செருகுவதை உடனே நிறுத்த வேண்டும். தரமான மாற்றி ஒன்று போதும். அமெரிக்காவிலிருந்து வந்த பழைய பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகியவை 120 வோல்ட்டுக்கு உரியவை. மின்மாற்றி இல்லாமல் செருகினால் முதல் நொடியிலேயே பியூஸும் மின்வழங்கியும் போகும்.

ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் தொலைக்காட்சி, கன்சோல், ரவுட்டர் மூன்றையும் செருகலாம். மூன்றும் சேர்ந்து சில நூறு வாட்தான். அதே பெட்டியில் இஸ்திரிப் பெட்டியைச் செருகக் கூடாது.

தெருவில் நியூட்ரல் அறுந்ததாகவோ மின்னழுத்தம் தாறுமாறாக இருப்பதாகவோ தோன்றினால், 2021 ஜூனில் தொடங்கப்பட்ட மின்னகம் சேவை மையத்தை 94987 94987 என்ற எண்ணில் இரவும் பகலும் அழைக்கலாம்.