காணி உறுதி எந்தத் தட்டில் இருக்கிறது?

1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது அம்மாவின் கையில் ஒரு பை இருந்தது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள். இரவில் தலைமாட்டில்தான் வைத்திருப்பார். இன்று அதே கடதாசிகளை ஸ்கான் செய்து சேர்வரில் போடுகிறோம். சேர்வரில் எங்கே என்று கேட்டால், போட்டவருக்கே பல வேளை தெரியாது. காரணம், இடத்தைப் பங்கிடுவது ஆள் அல்ல, ஸ்டோரேஜ் பூல்.

வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் மெயின்பிரேமை நெல்லியடியில் இருந்தபடி சில வருடம் பராமரித்தவன் நான். ஒரே இயந்திரத்துக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் வழக்கம் மெயின்பிரேமில் வேரூன்றியது. ஐபிஎம் 1972இல் விஎம்/370ஐ அறிவித்தது. இன்றைய இசட்/விஎம் அதன் வழிவந்தது.

ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் தட்டில் ஒரு துண்டு வேண்டும். அதை மினிடிஸ்க் என்பர். எந்தச் சிலிண்டரிலிருந்து எந்தச் சிலிண்டர் வரை என்று கையால் கணக்குப் பார்த்துக் கொடுத்தால் என்றோ ஒரு நாள் பிழைக்கும். ஒரே காணிக்கு இரண்டு உறுதி எழுதியதுபோல, இரண்டு கணினிகள் ஒன்றின் மேல் ஒன்று எழுதும். இதைத் தவிர்க்கத்தான் டிர்மெயின்ட் என்ற மென்பொருள். அதன் எக்ஸ்டென்ட் கன்ட்ரோல் கோப்பில் முதலில் 'ரீஜன்'களை எழுத வேண்டும்: இந்தத் தட்டில் இந்தச் சிலிண்டர் முதல் இது வரை கொடுக்கலாம் என்று. பிறகு பல ரீஜன்களைச் சேர்த்து ஒரு 'குரூப்'. அந்தக் குரூப்தான் பூல். கோப்பை மாற்றிய பின் மீளேற்றும் கட்டளையையும் கொடுக்க வேண்டும். நான் அதை மறந்து அரை நாள் முழித்ததும் உண்டு.

3390 மாதிரி 9 தட்டில் 10,017 சிலிண்டர்கள், ஏறத்தாழ 8.5 கிகாபைட். பூச்சியமாம் சிலிண்டரில் தட்டின் பெயர்ச்சீட்டு இருப்பதால் ரீஜனை 1இலிருந்து தொடங்குவோம். ஒரு மினிடிஸ்க் ஒரே தட்டில், இடைவெளியின்றி அமைய வேண்டும். இரண்டு தட்டுகளில் 4,000 சிலிண்டர்கள் வீதம் மிச்சம் இருந்தாலும் 6,000 கேட்டால் கிடைக்காது. கூட்டுத்தொகையைப் பார்த்து ஏமாறக்கூடாது.

பூல் என்பது பிரதி அல்ல. பத்துத் தட்டுகளைச் சேர்த்தாலும் அவை ஒரே பெட்டியில் இருந்தால் ஒரே கூரைதான். 1981இல் யாழ். பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகின. இரண்டாவது பிரதி இல்லாத சுவடிகளும் அவற்றுள் இருந்தன.

இன்னொரு ஆபத்து, அழித்த பின் மிஞ்சுவது. மினிடிஸ்க்கை நீக்கினால் இடம் பூலுக்குத் திரும்புமே தவிர, எழுத்து அப்படியே கிடக்கலாம். டிர்மெயின்டின் அமைப்புக் கோப்பில் டிஸ்க் கிளீனப் என்ற வரிக்கு 'யெஸ்' கொடுத்தால், நீக்கும்போதே துடைத்துவிட்டுத்தான் இடத்தை விடும். நேரம் பிடிக்கும் என்று சிலர் 'நோ' வைத்துவிடுவார்கள்.

இங்குள்ள சிறிய லினக்ஸ் சேர்வர்களிலும் கதை இதுதான். எல்விஎம் வகைப் பூலில் ஒரு பகுதியை நீக்கினால் உள்ளிருந்தது தானாக அழியாது. ஊரில் ஓர் அமைப்புக்கு உதவப் போனபோது, புதிதாக ஒதுக்கிய பகுதியைச் சோதித்துப் பார்த்தேன். காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் தாய் கொடுத்த வாக்குமூலத்தின் நாலைந்து வரிகள் கிடைத்தன. அடுத்த கிழமை அந்தப் பகுதி வேறொருவரின் கைக்குப் போயிருக்கும்.

அன்றே அதைத் துடைத்தோம். லிப்வேர்ட்டில் அதற்கு வொல்-வைப் என்ற கட்டளை உண்டு. நீக்குவதற்கு முன் கொடுக்க வேண்டும், பின்னர் அல்ல. வாக்குமூலங்களின் பிரதி ஒன்றைக் குறியாக்கம் செய்து யாழ்ப்பாணத்துக்கு வெளியே வைத்தோம். எது எந்தத் தட்டில் என்று ஒரு கொப்பியிலும் எழுதிக் கொடுத்தேன். அவர்கள் அதைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.