கூரைப் பீலி: துப்புரவும் காப்பும்

கூரைப் பீலி என்பது சாய்கூரையில் வழியும் மழைநீரை இறவாணத்தின் ஓரத்தில் ஏந்தி, இறங்குகுழாய் வழியே வடிகாலுக்கோ தொட்டிக்கோ கிணற்றுக்கோ சேர்க்கும் திறந்த வாய்க்கால். இலங்கைத் தமிழில் இது பீலி. தமிழ்நாட்டுக் கட்டட வேலையில் கட்டர் என்றும் வழங்கும். சுவரையும் அத்திவாரத்தையும் ஈரத்திலிருந்து காப்பதும், நல்ல நீரைச் சேமிப்பதும் இதன் பயன்கள். இலை, மண், பறவைக்கூடு ஆகியவற்றால் அடைபட்டால் இரண்டு பயனும் போய், பீலியே ஈரத்துக்கும் கொசுவுக்கும் (நுளம்புக்கும்) இடமாகிவிடும். ஆகவே மழை விட்டபின் பீலியில் நீர் நிற்கக் கூடாது என்பதே அதன் பராமரிப்புக்கு அடிப்படை விதி.

அமைப்பு

கூரையிலிருந்து விழும் நீர் சுவரைக் கெடுக்காமல் தடுப்பது மிகப் பழைய கவலை. லண்டன் கோபுரக் கோட்டையின் வெள்ளைக் கோபுரத்தைப் புதிதாக வெள்ளையடித்தபோது, சொட்டும் மழைநீர் சுவரைக் கறைப்படுத்தாதபடி ஈயக் குழாய்களைக் கீழ்வரை நீட்டுமாறு மூன்றாம் ஹென்றி மன்னர் 1240இல் ஆணையிட்டார்.

இன்றைய வீடுகளில் துத்தநாகம் பூசிய இரும்புத் தகரம், அலுமினியம், பி.வி.சி. ஆகியவற்றாலான பீலிகள் மிகுதி. பீலியைத் தாங்கும் கொக்கிகள் 60 முதல் 90 செ.மீ. இடைவெளியில் அமைவது நல்லது. இறங்குகுழாயை நோக்கி 200க்கு 1 முதல் 100க்கு 1 வரை சரிவு வேண்டும். 10 மீட்டர் நீளப் பீலி ஒரு முனையில் 5 முதல் 10 செ.மீ. தாழ்ந்திருக்கும். பி.வி.சி. வெயிலில் நீள்வதால் 4 மீட்டர்த் துண்டு 30 பாகை வெப்ப வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 7 மி.மீ. நீளும். இணைப்பில் அதற்கு இடம் விடாவிட்டால் பீலி வளைந்து, வளைவில் நீர் தேங்கும்.

பீலி தாங்க வேண்டிய நீர் சிறிதன்று. 100 சதுர மீட்டர்க் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் இறங்கும். மணிக்கு 60 மி.மீ. வீதத்தில் கொட்டும் மழையில் அதே கூரை நிமிடத்துக்கு 100 லிட்டர் நீரைப் பீலிக்குள் தள்ளும். ஓரிடத்தில் அடைப்பு இருந்தால் மேற்பகுதி நீர் முழுவதும் அங்கேயே வழியும்.

அடைப்பின் காரணங்கள்

வடகீழ்ப் பருவமழையை நம்பியிருக்கும் யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டுக் கரையோரத்திலும் பீலிக்கு முக்கிய வேலை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். எஞ்சிய மாதங்களில் அது குப்பை சேர்க்கிறது. மாசியிலும் பங்குனியிலும் வேம்பு இலையுதிர்க்கும். பிறகு பூவும் பழமும் கொட்டும். சோளகம் என்னும் தென்காற்றும் ஆடிக்காற்றும் மணலையும் சருகையும் கொண்டுவந்து போடும். மாவிலை பெரிது; பீலியின் வாயை மூடி நிற்கும். புளி, முருங்கை, குல்மோகர் ஆகியவற்றின் சிற்றிலைகள் சிறு துளையிலும் நுழைந்து அடியில் படியும். சவுக்கின் ஊசிகள் ஒன்றோடொன்று பின்னிப் பாய்போல் இறுகும். தென்னையின் பன்னாடையும் பாளையும் குழாய் வாயில் சிக்கும். ஓட்டுக்கூரையில் வளரும் பாசியும் ஓட்டுத் துகளும் கழுவி வந்து சேறாகும்.

அந்தச் சேற்றில் காக்கையும் மைனாவும் எச்சமிட்ட ஆல், அரச விதைகள் முளைக்கும். கவனிக்காமல் விட்டால் வேர் இணைப்பையும் சுவரையும் பிளக்கும். எனவே விரல் நீள நாற்றாக இருக்கும்போதே வேரோடு பிடுங்க வேண்டும்.

விளைவுகள்

வழியும் நீர் இறவாணப் பலகையையும் கைமரங்களையும் ஊறவைத்து உளுக்கச் செய்யும். சுவரில் கறையும் பூஞ்சணமும் படரும். அத்திவாரத்தோரம் மண் அரிக்கும். பாரமும் ஏறும். 12 செ.மீ. அகல அரைவட்டப் பீலி நிறைந்தால் மீட்டருக்கு ஐந்தரை லிட்டருக்கு மேல் நீர் நிற்கும். 10 மீட்டருக்கு 55 கிலோவுக்கு மேல். ஈரச்சேறு இன்னும் கனம். கொக்கி தளர்வதும் சரிவு கெடுவதும் இதனால்தான்.

மனித உயிருக்கு ஆபத்தான விளைவு டெங்கு. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்து தேங்கிய சிறு நீரில் முட்டையிடும். வெப்பமான சூழலில் முட்டை பொரித்துக் கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள் போதும். முட்டைகள் நீர் வற்றியபின்னும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து அடுத்த மழையில் பொரிக்கும். அதனால் ஒருமுறை காய்ந்த பீலி பாதுகாப்பானது என்று எண்ணிவிட முடியாது. அடியும் ஓரமும் தேய்த்துக் கழுவப்பட வேண்டும். இலங்கையில் 2017இல் மட்டும் 1,86,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவாயினர். வீட்டு வளவில் நுளம்பு பெருக இடமளிப்பதை அந்நாட்டின் 2007ஆம் ஆண்டு நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் குற்றமாக்குகிறது.

துப்புரவு முறை

பருவமழைக்கு முன் செப்டம்பரில் முழுத் துப்புரவு, மழைக்காலத்தில் ஒவ்வொரு பெருமழைக்கும் பின் ஒரு பார்வை, வேப்பிலை உதிர்ந்து முடிந்தபின் மீண்டும் ஒரு துப்புரவு என்பது பொருத்தமான ஒழுங்கு. இரு பருவமழையும் பெறும் இடங்களில் மே மாதத்துக்கு முன்னும் முழுத் துப்புரவு வேண்டும்.

முதலில் சேமிப்புத் தொட்டிக்குப் போகும் குழாயைக் கழற்றி, இறங்குகுழாயின் வாயைத் துணியால் அடைக்க வேண்டும். இல்லையேல் சேறு குழாய்க்குள் இறங்கும். சற்று ஈரமான குப்பையைக் கையுறையிட்ட கையாலோ பிளாஸ்டிக் அகப்பையாலோ வாரி வாளியில் இடுவது எளிது. கொத்தனாரின் இரும்புக் கரண்டி துத்தநாகப் பூச்சைக் கீறித் துருவுக்கு வழி திறக்கும். வாரியபின் துணியை எடுத்து, மேட்டு முனையிலிருந்து நீர் விட்டுக் கழுவ வேண்டும். நீர் எங்கே தங்குகிறதோ அங்கே சரிவு கெட்டிருக்கிறது. கொக்கியைத் திருத்தினால்தான் துப்புரவு முழுமைபெறும். இறங்குகுழாய் அடைத்திருந்தால் கீழிருந்து நீரைப் பீய்ச்சியோ நீண்ட கம்பி விட்டோ எடுக்கலாம்.

ஏணியை நாலடி உயரத்துக்கு ஓரடி என்ற கணக்கில் சுவரிலிருந்து விலக்கிச் சாய்த்து, கீழே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். பீலியின் மேல் ஏணியைச் சாய்க்கலாகாது. வீட்டுக்கு வரும் மின்கம்பி அருகில் இருந்தால் அலுமினிய ஏணி கூடாது. அஸ்பெஸ்டாஸ் கூரையில் கால் வைத்தால் உடையும். அதைக் காய்ந்த நிலையில் உரசினால் தீங்கான இழைத்தூசி பறக்கும். அத்தகைய கூரையின் பீலிச் சேற்றை நனைத்தே வாரி, உறையில் கட்டிக் கழிவு அகற்றுவோரிடம் ஒப்படைக்க வேண்டும்; செடிக்கு உரமாக இடக் கூடாது.

காப்பு வகைகள்

குப்பை வராமல் தடுக்கும் முதல் வழி, கூரைக்கு மேல் நீளும் கிளைகளை மழைக்கு முன் கழிப்பது. அடுத்தது வலை. பெரிய கண் வலை மாவிலையைத் தடுக்கும், புளியிலையை விடும். நுண்கண் வலை இரண்டையும் தடுக்கும். ஆனால் தூசும் பாசியும் அதன் கண்களை மூடியதும் பெருமழை நீர் அதன்மேல் ஓடித் தரையில் விழும். நீர் வளைவைப் பற்றி உள்ளே இறங்க, இலை வெளியே விழும்படி செய்த வளைமூடியிலும் கொட்டும் மழையில் நீர் தாண்டிப் பாயும். பீலிக்குள் வைக்கும் நுரைக்கட்டை மண் பிடித்து நாற்றங்காலாகிவிடும். தூரிகை வகை இலையைப் பிடித்து வைக்கும். அதை அடிக்கடி எடுத்து உதற வேண்டும். குழாய் வாயில் வைக்கும் பந்து வடிவ வலை மலிவானது, எடுத்துக் கழுவவும் எளிது.

எந்த வலையும் துப்புரவைக் குறைக்குமே தவிர நிறுத்தாது. மேலும், மூடிய பீலியில் தேங்கிய நீர் கண்ணுக்குப் படாது. கொசுவோ இடுக்கு வழியே நுழையும். ஆகவே கூரையின் சரிவோடு சாய்ந்து, கையால் கழற்றக்கூடிய கவ்விகளால் பொருத்திய வலையே வெப்பமண்டல வீடுகளுக்கு ஏற்றது. ஆஸ்திரேலியாவில் காட்டுத்தீயின் பறக்கும் தணல் பீலிச் சருகில் விழுந்து வீடு எரிவதுண்டு. அங்கே தீப்பிடிக்காத உலோக வலை முக்கியம்.

மழைநீர் சேகரிப்பு

தமிழ்நாடு 2003இல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. சாய்கூரை வீட்டில் அந்த நீரின் தரத்தைப் பீலியின் தூய்மை தீர்மானிக்கிறது. முதல் மழையின் ஒரு மி.மீ. அளவு, அதாவது 100 சதுர மீட்டர்க் கூரைக்கு 100 லிட்டர், எச்சத்தையும் தூசையும் கொண்டுவருவதால் வெளியேற்றப்பட வேண்டும்.

பீலி இல்லாத கூரை

நீர் சேமிக்கும் நோக்கமில்லாத, இறவாணம் அகன்று நீண்ட ஒருமாடி வீட்டுக்குப் பீலி கட்டாயமன்று. நீர் சொட்டும் கோட்டில் சரளைக்கல் பரப்பி, வெளிநோக்கிச் சரிந்த சிமெந்து ஓரம் அமைத்தால் மண் அரிக்காது. எட்டிக் கழுவ ஆளோ வழியோ இல்லாத வீட்டில் அடைபட்ட பீலியை வைத்திருப்பதைவிட அதைக் கழற்றி இந்த ஏற்பாட்டைச் செய்வது சுவருக்கும் வீட்டாரின் உடல்நலத்துக்கும் நல்லது.