எண்ணெய், எரிவாயுக் கிணறுகளில் ஒலிவழிக் கண்காணிப்பு

எண்ணெய், எரிவாயுக் கிணறுகளில் ஒலிவழிக் கண்காணிப்பு என்பது, கிணற்றுக்குள் பொருத்தப்பட்ட குழாய், வால்வு, பம்பு முதலியவற்றின் நிலையை அவை எழுப்பும் ஓசையையோ எதிரொலியையோ கொண்டு அறியும் முறையாகும். கேசிங் எனப்படும் உறைக்குழாயும் அதனுள் இறங்கும் உற்பத்திக் குழாயும் சில கிலோமீட்டர் ஆழம் வரை செல்லக்கூடும். எண்ணெய் நிறைந்த கிணற்றில் கேமரா பெரும்பாலும் பயன்படாது. ஒரு வால்வை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டுமானால் உற்பத்தியை நிறுத்த வேண்டும். பல வேளைகளில் கிணற்றுப் பணிக்கான ரிக் எந்திரத்தையும் வரவழைக்க வேண்டியிருக்கும். பழுது எங்கே, எத்தகையது என்பதை அதற்கு முன்பே தெரிந்துகொள்ள ஒலி உதவுகிறது.

வரலாறு

கிணற்றில் திரவம் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதை எதிரொலியால் அளக்கும் முறை 1930களிலேயே அமெரிக்க எண்ணெய் வயல்களில் வந்துவிட்டது. 1973இல் மெக்கின்லியும் உடனாய்வாளர்களும், சிமெண்டிட்ட கேசிங்குக்குப் பின்னால் ஓடும் பாய்மத்தின் இரைச்சலைப் பிரித்தறியும் வழியை வெளியிட்டனர். திரவத்தினூடே குமிழியிட்டு ஏறும் வாயு பெரும்பாலும் 200 முதல் 600 ஹெர்ட்ஸ் வரையிலும், வாயு மட்டுமோ திரவம் மட்டுமோ கசிந்தால் 1,000 ஹெர்ட்ஸை ஒட்டியும் ஒலிக்கும் என்று அவர்கள் கண்டனர். ஒளியிழையையே நெடுகக் கேட்கும் செவியாக்கும் முறையை ஷெல் நிறுவனம் 2009இல் கனடாவில் ஓர் எரிவாயுக் கிணற்றில் சோதித்தது.

எதிரொலி முறை

கிணற்றின் தலைப்பகுதியில், கேசிங்குக்கும் உற்பத்திக் குழாய்க்கும் இடையிலான வளைய இடைவெளிக்குச் செல்லும் வால்வில், மைக்ரோஃபோனுடன் கூடிய சிறு வாயுத் துப்பாக்கி பொருத்தப்படும். அதிலிருந்து அழுத்த வாயு சட்டென்று வெளியேறும்போது எழும் ஒலியலை கீழே செல்கிறது. குழாய்த் துண்டுகளை இணைக்கும் ஒவ்வொரு காலரிலிருந்தும் சிறிய எதிரொலி திரும்பி, வரைபடத்தில் பல் பல்லாகப் பதியும். திரவ மட்டத்தில் பட்டுத் திரும்புவது பெரிய மேடாகத் தெரியும். துண்டு ஒன்று 9.5 மீட்டர் நீளம் என்று கொண்டால், அந்த மேட்டுக்கு முன் 120 பற்கள் இருந்தால் திரவ மட்டம் 1,140 மீட்டர் ஆழத்தில் உள்ளது. வாயுவில் ஒலி விநாடிக்கு 380 மீட்டர் வேகத்தில் சென்றால், எதிரொலி திரும்ப 6 விநாடி ஆகும். இரு கணக்கும் ஒத்துவராவிட்டால் அளவீட்டைத் திரும்ப எடுப்பார்கள். பம்புக்கு மேல் போதிய திரவம் நிற்கிறதா என்பதை இதிலிருந்து அறியலாம்.

ஒளியிழை முறை

உற்பத்திக் குழாயின் வெளிப்புறத்தில் மெல்லிய உலோகக் குழலுக்குள் ஒளியிழை ஒன்றை வைத்து, கிளாம்புகளால் இறுக்கி இறக்குவார்கள். கேசிங்குக்குப் பின்னால் சிமெண்டோடு சேர்த்துப் பதிப்பதும் உண்டு. மேலிருந்து லேசர் துடிப்புகள் அனுப்பப்படும்போது, கண்ணாடியின் நுண்ணிய அடர்த்தி வேறுபாடுகளில் பட்டு ஒளியின் மிகச் சிறு பகுதி திரும்பி வருகிறது. ஓசை இழையை நுண்ணளவில் இழுத்து நெருக்குவதால் திரும்பும் ஒளியின் கட்டம் மாறும். ஒளி திரும்ப எடுத்த நேரம் ஆழத்தையும், கட்ட மாற்றம் ஓசையையும் சொல்கின்றன. 3 கிலோமீட்டர் இழையில் ஒளி போய்வர 30 மைக்ரோ விநாடி போதும் என்பதால், விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை முழுக் கிணற்றையும் கேட்க முடிகிறது.

கண்காணிக்கப்படும் கருவிகள்

எண்ணெயை மேலேற்ற உற்பத்திக் குழாய்க்குள் வாயுவை விடும் கேஸ் லிஃப்ட் வால்வு, மூட வேண்டிய வேளையில் திறந்தே கிடந்தால், ஆழமும் நேரமும் அச்சுகளாக அமைந்த படத்தில் அதே ஆழத்தில் ஓர் இரைச்சல் கோடு விடாமல் ஓடும். சப்மெர்சிபிள் பம்பு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,900 சுற்றுகள் சுழலும். பேரிங் தேய்ந்தாலோ வாயு புகுந்தாலோ அதன் அதிர்வு மாறும். கேசிங்குக்கும் உற்பத்திக் குழாய்க்கும் இடையை அடைக்கும் பேக்கரின் அடைப்பு விட்டுப்போவது, உற்பத்திக் குழாயில் ஓட்டை விழுவது, மணல் தடுப்பு வலை கிழிந்து மணல் உள்ளே வருவது ஆகியவையும் ஓசையில் தெரியும். மணல்துகள் உலோகத்தில் மோதும் ஒலி அதிர்வெண் மிகுந்தது.

வெப்ப அளவீடு

ஓசை மட்டும் போதிய சான்றாகாது. கசியும் வாயு விரிவடைகையில் அவ்விடம் குளிர்வதால், வெப்பநிலையும் உடன் அளக்கப்படுகிறது. இழை நெடுக வெப்பத்தை அளக்கப் பயன்படுவது, சி. வி. ராமன் 1928இல் கண்டறிந்த ஒளிச்சிதறல். ஒரே கேபிளுக்குள் ஓசைக்கு ஓர் இழையும் வெப்பத்துக்கு இன்னோர் இழையும் வைப்பது வழக்கம்.

வரம்புகள்

இழையின் நீளவாக்கில் வரும் அதிர்வை நன்கு உணரும் ஒளியிழை முறை, குறுக்காகத் தாக்கும் அலையைச் சரியாக உணராது. வெப்பம் மிகுந்த கிணறுகளில் ஹைட்ரஜன் ஊடுருவிக் கண்ணாடியின் ஒளிகடத்தும் திறன் குறையும். தரவும் மலைபோல் குவியும்: மீட்டருக்கு ஓரிடம் வீதம் 3,000 இடங்களில், விநாடிக்கு 10,000 முறை, ஒவ்வோர் அளவுக்கும் 2 பைட் என்று பதிந்தால் ஒரே நாளில் 5 டெராபைட்டைத் தாண்டும். எனவே தேவையான அதிர்வெண் பட்டைகளின் வலிமையை மட்டும் கணக்கிட்டு வைத்துக்கொள்கிறார்கள்.

காவிரிப் படுகையும் கட்டுமாவடிப் பகுதியும்

இத்தகைய கிணறுகள் தமிழ்நாட்டின் காவிரிப் படுகையிலும் உள்ளன. புதுக்கோட்டை மாவட்டம் மணமேல்குடி வட்டத்தில் பாக் நீரிணைக் கரையில் உள்ள கட்டுமாவடி, காவிரிப் படுகையின் தென்பகுதியில் அமைந்த மீனவர் ஊர். இப்படுகையில் அரசு எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி. 1964இல் காரைக்காலில் ஆழ்துளையிட்டது. நரிமணத்தில் 1980களில் எண்ணெய் கிடைத்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் வடகாடு, கோட்டைக்காடு, நல்லாண்டார்கொல்லை ஆகிய ஊர்களிலும் கிணறுகள் தோண்டப்பட்டன. 2017 பிப்ரவரியில் அதே மாவட்டத்து நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் (எண்ணெய், எரிவாயு) எடுக்கும் திட்டத்தை எதிர்த்து மக்கள் போராடினர். அவ்வாண்டு ஜூன் 30 அன்று தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாயில் கசிவு ஏற்பட்டது. நிலத்தில் பதிக்கும் குழாய்களில் கசிவைக் கண்டறியவும் இதே ஒளியிழை முறை உலகின் பல இடங்களில் பயன்படுகிறது.

தமிழ்நாட்டில் 2020இல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், மணமேல்குடி உள்ளிட்ட புதுக்கோட்டையின் ஐந்து ஒன்றியங்களில் புதிய எண்ணெய், எரிவாயுத் துளையிடலைத் தடுத்தது. முன்பே நடந்துவந்த பணிகளை அது பாதிக்கவில்லை. ஆகவே இப்படுகையில் ஒலிவழிக் கண்காணிப்பின் பயன் பெரும்பாலும் பழைய கிணறுகளைச் சார்ந்தது. உற்பத்திக் குழாய் வழியாகத் தற்காலிகமாக இழையை இறக்கி, கேசிங்குக்குப் பின்னால் வாயு ஏறுகிறதா என்று பார்க்க முடியும். சிமெண்டால் அடைத்து மூடிவிட்ட கிணற்றில் இழையை இறக்க வழியில்லை என்பதால், இச்சோதனையை மூடுவதற்கு முன்பே செய்தாக வேண்டும். கசிவு எங்கே என்று ஒலி காட்டினாலும், அது நிலத்தடி நீரை எட்டியதா என்பதை அருகிலுள்ள கிணற்று நீரைச் சோதித்தே முடிவு செய்ய முடியும்.