கடல் தாண்டியவர்கள் எதை நம்பிப் போனார்கள்?



நம் வீட்டுப் பிள்ளைகளில் சிலர் இன்று லண்டனிலும் நியூயார்க்கிலும் மெல்பர்னிலும் படிக்கிறார்கள். ஏன் போனீர்கள் என்று கேட்டால் எல்லா மாணவர்களும் சொல்லும் காரணங்களையே அவர்களும் சொல்வார்கள்: நல்ல பட்டம், நல்ல ஆசிரியர்கள், நல்ல சம்பளம். இவை பொய்யல்ல. ஆனால் நம்மவர்கள் கடல் தாண்டிப் படித்ததற்குத் தனி வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால்தான் உதவித்தொகையின் விதி ஒன்று மாறும்போது நாம் எதை இழக்கிறோம் என்பது விளங்கும்.

கடல் தாண்டினால் சாதி கெடும் என்பது மேல்சாதியாரின் பழைய அச்சம். 1888இல் காந்தி சட்டம் படிக்க இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது, பம்பாயில் அவருடைய மோத் பனியா சாதியார் கூட்டம் போட்டு அவரைச் சாதிநீக்கம் செய்தார்கள். வழியனுப்பப் போகிறவருக்கு ஒன்றேகால் ரூபாய் அபராதம் என்றும் அறிவித்தார்கள். 1914இல் ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்குப் போவதற்கு முன்பும் அவர் குடும்பத்தில் இதே தயக்கம் இருந்தது. கடலில் இழப்பதற்குச் சாதிப் பெருமை வைத்திருந்தவர்களின் அச்சம் அது.

நமக்கு அந்த அச்சம் இல்லை. நம் முன்னோர் படிப்பதற்கு வெகுகாலம் முன்பே கூலிகளாகக் கப்பலேறியவர்கள். சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பரில் டர்பனை அடைந்தது. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் போனவர்களில் பெரும்பங்கினர் சேரிகளிலிருந்து போனவர்கள். பஞ்சமும் பண்ணையடிமை முறையும் அவர்களைத் துரத்தின. கரையேறிய இடத்தில் கங்காணி காத்திருந்தான். ஆக, கடல் நமக்கு விலக்கப்பட்டதாக இருக்கவில்லை. விலக்கப்பட்டது படிப்புதான்.

அந்த இரண்டையும் சேர்த்துத் தாண்டியவர் அண்ணல் அம்பேத்கர். அவர் போன சூழ்நிலையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1913 பிப்ரவரியில் தந்தை ராம்ஜி காலமானார். மனைவியும் குழந்தையும் கொண்ட குடும்பம். கையில் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. பட்டம். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் மூன்றாண்டுகளுக்கு உதவித்தொகை கொடுக்க முன்வந்தார். படிப்பை முடித்துத் திரும்பிப் பரோடா அரசில் பத்தாண்டுகள் வேலை செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. 1913 ஜூனில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ஜூலையில் நியூயார்க்கில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 22.

பள்ளியில் சம்ஸ்கிருதம் கற்க அனுமதி மறுக்கப்பட்டுப் பாரசீகம் எடுத்துப் படித்த மாணவர் அவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எந்த வகுப்புக்குள் நுழைவதையும் யாரும் தடுக்கவில்லை. பொருளாதாரம், வரலாறு, சமூகவியல், மானுடவியல், தத்துவம் என்று எல்லாக் கதவுகளையும் தட்டினார். செலிக்மனிடமும் ஜான் டூயியிடமும் பாடம் கேட்டார். அங்கே போன சில வாரங்களிலேயே தந்தையின் நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதி, ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளையும் படிக்க வைத்தால்தான் நம் முன்னேற்றம் விரைவாக நடக்கும் என்று வலியுறுத்தினார். ஊரைவிட்டு வந்த மாணவன் ஊரை நினைத்த விதம் இது.

1915இல் பண்டைய இந்திய வணிகம் பற்றிய ஆய்வுக்காக எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916 மே 9 அன்று கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையை வாசித்தார். அகமணமே சாதியின் உயிர்நாடி என்றும், அதைக் காப்பதற்கே உடன்கட்டையும் கட்டாய விதவைக்கோலமும் குழந்தை மணமும் வந்தன என்றும் அதில் நிறுவினார். சாதியின் அடித்தளத்தை ஒரு தீண்டப்படாத மாணவன் ஆராய்ந்து சொல்ல, பேராசிரியர்கள் எதிரே உட்கார்ந்து கேட்டார்கள். 1916இல் இந்தியாவின் எந்தப் பல்கலைக்கழகத்தில் இது நடந்திருக்கும்?

போனதைப் போலவே திரும்பியதும் வரலாறுதான். லண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது உதவித்தொகைக் காலம் முடிந்தது. 1917இல் இந்தியா திரும்பி, ஒப்பந்தப்படி பரோடாவுக்கு வேலைக்குப் போனார். வெளிநாட்டு வாழ்க்கை தன் தீண்டாமையைத் தன் நினைவிலிருந்தே துடைத்துவிட்டிருந்ததாகவும், பரோடா ரயில் நிலையத்தைவிட்டு வெளியே வந்ததும் எங்கே தங்குவது என்ற கேள்வி எழுந்ததாகவும் அவரே எழுதியிருக்கிறார். பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் வைத்துக்கொண்டு தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்த பார்சிகள் அவரை வெளியேற்றினார்கள். ஓர் இந்து நண்பரும் ஒரு கிறித்தவ நண்பரும் இடம் தரத் தயங்கினார்கள். பொதுப் பூங்கா ஒன்றில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார்.

வெளிநாட்டுப் பட்டம் சாதியை அழித்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்தப் பூங்காவை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பட்டம் அவரைக் காப்பாற்றவில்லை. ஆனால் எதை எதிர்த்துப் போராட வேண்டும் என்ற தெளிவைத் தந்தது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, நண்பர் நவல் பத்தேனாவிடம் கடன் வாங்கி, கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜின் உதவியும் பெற்று 1920இல் மறுபடி லண்டன் போனார். பாரிஸ்டராகவும் டி.எஸ்சி. பட்டதாரியாகவும் திரும்பினார். அந்த ஆண்டுகளின் வறுமையைப் பம்பாயில் சுமந்தவர் ரமாபாய். பிறந்த ஐந்து குழந்தைகளில் நால்வரை அந்தக் குடும்பம் இழந்தது. ஒருவர் படிக்கப் போனதன் விலையை வீட்டில் இருப்பவர்களும் கொடுக்கிறார்கள்.

மன்னர்களின் தயவில் தனக்குக் கிடைத்ததை மற்றவர்களுக்கு உரிமையாக்க வேண்டும் என்பதே அம்பேத்கரின் அடுத்த வேலை. 1942இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழு உறுப்பினராக இருந்தபோது கொடுத்த கோரிக்கை மனுவில், பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் உயர்கல்வி பெற அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டார். சுதந்திரத்துக்குப் பின் 1954-55இல் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. இதற்கு இடைப்பட்ட காலத்தில் கேரளத்தின் உழவூரிலிருந்து கே.ஆர்.நாராயணன் டாட்டா உதவியுடன் 1945இல் லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் போனார். ஹெரால்ட் லாஸ்கியின் மாணவராகப் படித்துத் திரும்பியவர் 1997இல் குடியரசுத் தலைவரானார்.

அந்தத் தேசியத் திட்டத்தில் இப்போது ஆண்டுக்கு 125 இடங்கள். 2022இல் அதன் விதி மாற்றப்பட்டது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா சார்ந்த சமூக ஆய்வு ஆகியவற்றைப் படிக்க இந்தப் பணம் கிடையாது. இந்தப் பாடங்களைப் படிக்க நாட்டிலேயே வசதி உண்டு என்பது சொல்லப்பட்ட காரணம். இந்த விதி 1913இல் இருந்திருந்தால் பண்டைய இந்திய வணிகம் பற்றிய எம்.ஏ. ஆய்வுக்கும் சாதி பற்றிய ஆய்வுக்கும் உதவி கிடைத்திருக்காது. நூலகம் இல்லை என்பதற்காக மட்டும் நம் மாணவர்கள் போகவில்லை. தன் சமூகத்தைப் பற்றிய கேள்வியைத் தன் சாதி தெரியாத ஆசிரியர் முன் பயமில்லாமல் கேட்கவும் போகிறார்கள். பொறியியல் படிக்கலாம், உன் ஊரைப் பற்றிப் படிக்காதே என்பது உதவியின் வேடத்தில் வரும் தடை. 2025இல் 106 பேர் தேர்வானபோது முதலில் 40 பேருக்கே ஆணை வந்தது. மற்றவர்களிடம் நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள்.

போகிற இடத்திலும் சாதி வந்து சேர்ந்திருக்கிறது என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இலும், கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகம் 2022இலும், சியாட்டில் நகரம் 2023இலும் சாதிப் பாகுபாட்டை விதி போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது. கலிபோர்னியா மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் 2023 அக்டோபரில் நிராகரித்தார். அங்கே இந்திய மாணவர்கள் பகிர்ந்துகொள்ளும் அறையில் குலப்பெயர் கேட்கப்படுகிறது, சமையலறை பிரிகிறது. ஆனால் புகார் கொடுக்க ஒரு விதி உண்டு என்ற நிலையை அங்கே உருவாக்கியதில் நம் மாணவர்களின் பங்கு பெரிது.

அம்பேத்கர் பரோடா அனுபவத்தை எழுதிய நூலின் பெயர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. அமெரிக்காவுக்கோ இங்கிலாந்துக்கோ போவதற்கான விசாவைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. சொந்த நாட்டுக்குள் நுழைவதற்கு அவர் காத்திருந்த கதை அது. நம் பிள்ளைகள் தூதரக வாசலில் வரிசையில் நிற்கும்போது அவர்களுக்குப் பணம் திரட்டிக் கொடுப்பது நம் கடமை. பறிக்கப்பட்ட பாடங்களைத் திரும்பக் கேட்பதும், திரும்பி வருகிறவர்களுக்கு இந்த ஊரில் ஒரு வாடகை வீடு மறுக்கப்படாமல் பார்த்துக்கொள்வதும் அதே அளவு நம் கடமை.

ஜெய்பீம்.